ஒலி தந்த பெயர்: ‘டாம் டாம்’ என்னும் சொல்லின் வரலாறு

ஆங்கில அகராதிகளில் ‘டாம் டாம்’ என்றொரு சொல் உண்டு. இந்தியர் கையாலோ குச்சியாலோ அடிக்கும் முழவு என்று பொருள் எழுதி, ஒலியைப் போலச் செய்து பிறந்த சொல் என்று அதன் பிறப்பையும் ஒரு வரியில் எழுதி முடித்துவிடுவர். 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே ஆங்கில எழுத்தில் ஏறிவிட்ட சொல் இது. சென்னை இராசதானியின் வருவாய்த்துறைக் கோப்புகளில் இச்சொல் எத்தனை முறை எழுதப்பட்டிருக்கும் என்று எண்ணி முடியாது. வரி பாக்கிக்காக நிலம் ஏலத்திற்கு வருகிறதா, ஏரியின் மதகு திறக்கப்படுகிறதா, அம்மை குத்துபவர் ஊருக்கு வருகிறாரா, ‘டாம் டாம் அடித்து அறிவிக்கவும்’ என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வரும். ஊரில் அதற்குத் தண்டோரா என்று பெயர். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமும், கடனுக்காக ஒருவருடைய நிலத்தைப் பற்றுகை செய்யும்போது, அந்த நிலத்தருகே முழவை அறைந்தோ வழக்கத்திலுள்ள வேறு முறையிலோ அதை அறிவிக்கவேண்டும் என்றுதான் சொல்கிறது.

சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையில் செல்வோர் செங்குன்றத்தைக் கடந்ததும் காணும் ஊர் நம் சோழவரம். ஒருபுறம் தலைநகருக்குக் குடிநீர் தரும் ஏரி; மறுபுறம் கும்மிடிப்பூண்டி வரை நீளும் ஆலைகளும் கிடங்குகளும். இப்பகுதியில் ஐம்பது வயதைக் கடந்தவர் எவரையும் கேளுங்கள். தண்டோராவை நேரில் கேட்டவராகவே இருப்பார். ஆனால் அதை அடித்தவர் யார், எந்தத் தெருவிலிருந்து வந்தார், அடித்ததற்கு என்ன பெற்றார் என்று கேட்டால் சிறிது தயங்கித்தான் பதில் சொல்வார். அந்தத் தயக்கத்தின் வரலாறும் இச்சொல்லின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னியவை. ஆகவேதான் அகராதிக்காரர் ஒரு வரியில் முடித்ததை நாம் சற்று விரித்துப் பார்க்கத் துணிந்தோம்.

முதலில் சொல்லின் பிறப்பு. ஆங்கிலேயர் இந்நாட்டில் கற்றுக்கொண்டு தம் மொழியில் சேர்த்துக்கொண்ட சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த பேரகராதி ‘ஹாப்சன் ஜாப்சன்’. அதைத் தொகுத்தவர் இருவர். ஒருவர் ஹென்றி யூல், மற்றவர் ஏ. சி. பர்னல். பர்னல் நமக்கு அந்நியர் அல்லர். சென்னை இராசதானியில் பணியாற்றித் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். தென்னிந்திய எழுத்துகளின் வரலாற்றை 1874இல் நூலாக எழுதியவர். அகராதி வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1882இல், அவர் இறந்துவிட்டார்.

‘டாம் டாம்’ என்னும் சொல்லுக்கு அந்த அகராதி இரண்டு விளக்கங்களைத் தருகிறது. குஜராத்தின் பழங்கதைகளைத் தொகுத்த ஃபோர்ப்ஸ் என்பவர், முரசறைவோன் ஓரிடத்தில் நின்று அடித்துவிட்டு அடுத்த இடத்திற்குப் போவதால், ‘இடந்தோறும்’ என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து இது வந்தது என்றார். யூலும் பர்னலும் அதை ஏற்கவில்லை. இது ஒலிக்குறிப்பே; எந்த ஒரு மொழிக்கும் தனியே உரியதன்று என்பது அவர்கள் முடிவு. இலங்கையில் ‘தமட்டம’, தெலுங்கில் ‘தப்பெட்ட’, தமிழில் ‘தம்பட்டம்’, மலாய் மொழியில் ‘தொன் தொன்’ என்று சான்றுகளையும் அடுக்குகின்றனர். 1903இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒரு வேடிக்கையையும் சேர்த்துள்ளனர். மராத்திய நாட்டுச் சதாராவில் பூப்பந்தாட்டம் அறிமுகமானபோது, மட்டையை மக்கள் ‘டம் டம்’ என்றும் இறகுப் பந்தைப் பூ என்றும் அழைத்தார்களாம். ‘டம் டம் பூல்’ என்ற அந்தப் பெயர் வெள்ளைச் சிப்பாயின் வாயில் ‘டாம் ஃபூல்’ ஆகி, அடிமுட்டாள் என்று பொருள்பட நின்றதாம்!

அந்த அகராதியின் பெயரே இவ்வாறு பிறந்ததுதான். முகரம் ஊர்வலத்தில் அசனையும் உசேனையும் நினைந்து நெஞ்சிலறைந்து அழுவோரின் ஓலம், ஆங்கிலச் சிப்பாய்களின் காதில் ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்று விழுந்தது. மாண்டவருக்காக எழுந்த புலம்பல் கேட்டவருக்கு வெறும் சத்தமாயிற்று. பின்னர் புத்தகத்தின் தலைப்புமாயிற்று. இதைப் படிக்கும்போதெல்லாம் நமக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஒலியைப் போலச் செய்து சொல்லாக்குவதைக் கிரேக்கர் ‘ஒனொமடொபோயியா’ என்றனர். ‘ஒனொமா’ என்றால் பெயர். ‘போயியேன்’ என்றால் ஆக்குதல். ஆகப் பெயராக்கம் என்பதே நேர்ப்பொருள். சொற்களுக்கும் பொருள்களுக்கும் உள்ள உறவு இயற்கையானதா, மனிதர் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடா என்று பிளேட்டோவின் ‘கிரேட்டிலஸ்’ உரையாடல் நெடுக விவாதிக்கிறது. 19ஆம் நூற்றாண்டில், மனிதமொழியே இயற்கை ஒலிகளைப் போலச் செய்ததிலிருந்து பிறந்தது என்ற கொள்கையை மாக்ஸ் முல்லர் ‘பௌ வௌ’ கொள்கை என்று நாய்க் குரைப்பின் பெயரிட்டு ஏளனம் செய்தார். 1866இல் பாரிசு மொழியியல் கழகம், மொழியின் தோற்றம் பற்றி எவரும் கட்டுரை கொண்டுவரலாகாது என்றே விதி செய்துவிட்டது. அந்த வழக்குக்குள் நாம் புக வேண்டியதில்லை.

கிரேக்கரிடமிருந்து இன்னொரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். தம் மொழி பேசாதவர் பேசுவது அவர்கள் காதில் ‘பர் பர்’ என்று விழுந்ததாம். அதனால் அயலாருக்கு ‘பர்பரோஸ்’ என்று பெயரிட்டனர். காட்டுமிராண்டி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்ததே. திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தில் இச்சொல்லைப் பயன்படுத்துகிறார். குழலும் யாழும் எக்காளமும் தெளிவாக ஒலிக்காவிடில் பயனில்லை என்று சொல்லி வந்து, பேசுவதன் பொருள் எனக்கு விளங்காவிடில் பேசுபவனுக்கு நானும் எனக்கு அவனும் அந்நியராவோம் என்கிறார். இங்கே மூலத்தில் உள்ள சொல் ‘பர்பரோஸ்’. அயலானைச் சுட்டக் கிரேக்கர் வைத்த சொல்லைப் பவுல் இருபுறமும் திருப்பிவிடுவதைக் கவனிக்கவேண்டும். ஒருவன் பேச்சு நமக்கு வெறும் ஓசையாக விழுகிறது என்றால், குறை அவன் நாவில் இருக்கலாம். நம் காதிலும் இருக்கலாம்.

இனி நம் மொழிக்கு வருவோம். ஒலிக்குறிப்புச் சொற்களில் தமிழைப் போல் செல்வம் படைத்த மொழிகள் குறைவு. சலசல, கலகல, தடதட, படபட, மளமள, நறநற என்று நாள் முழுதும் சொல்லிக்கொண்டே போகலாம். இவ்வாறு இரட்டித்து வரும் சொற்களைத் தொல்காப்பியர் இரட்டைக்கிளவி என்று பெயரிட்டுத் தனியே எடுத்து, அவை பிரிந்து நின்றால் பொருள் தாரா என விதித்தார். பின்வந்த நன்னூலாரும் அதைத் தழுவினார். பிற்கால உரையாசிரியரும் அகராதிக்காரரும் ‘அனுகரணம்’ என்ற வடசொல்லையும் ஆண்டனர். எமனோ என்னும் அறிஞர் 1930களில் நீலகிரியில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்தவர். 1969இல் அவர் எழுதிய கட்டுரையொன்றில், இத்தகைய இரட்டைச் சொற்கள் திராவிட மொழிகளிலும் வட இந்திய மொழிகளிலும் ஒருங்கே நிறைந்து கிடப்பதைக் காட்டி, வேறுவேறு மொழிக்குடும்பங்கள் ஒரே மண்ணில் நெடுங்காலம் கூடி வாழ்ந்ததன் அடையாளங்களுள் இதுவும் ஒன்று என நிறுவினார்.

இதில் நம் இலக்கணத்திற்கே உரிய நயமொன்று உண்டு. தமிழ்ச்சொல் எதுவும் டகரத்தில் தொடங்காது என்பது பழைய விதி. தம்பட்டம், தமுக்கு, தப்பு, துடி ஆகிய கருவிப் பெயர்கள் அவ்விதிக்கு அடங்கித் தகரத்தில் தொடங்குகின்றன. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் முழவைக் கேட்டதும் சொல்வது ‘டம டம’ என்றுதான். கோயில் ஊர்வலத்தில் காளையின் முதுகில் வைத்து அடிக்கும் டமாரமும் அப்படியே. இலக்கணம் வாசலில் நிறுத்தி வைத்த எழுத்தை ஓசை கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்துவிட்டது.

ஆயினும் ஒலிக்குறிப்பு எந்த மொழிக்கும் உரியதன்று என்ற யூல், பர்னல் முடிவை நாம் பாதிதான் ஏற்போம். சேவல் உலகெங்கும் ஒன்று போலவே கூவுகிறது. தமிழன் காதில் அது ‘கொக்கரக்கோ’, பிரெஞ்சுக்காரனுக்கு ‘கொக்கொரிகோ’, செருமானியனுக்கு ‘கிக்கெரிகி’, ஆங்கிலேயனுக்கோ ‘காக்க டூடுல் டூ’. சோழவரத்தின் பழைய விமானத்தளத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்த காலத்தில் வண்டிகள் நம்மவருக்கு ‘விர்’ரென்று போயின, ஆங்கில ஏடுகளில் அவையே ‘வுரூம்’ என்று போயின. ஒலி ஒன்று; கேட்கும் காது தான் பிறந்த மொழியின் எழுத்துகளில்தான் அதைப் பிடிக்கிறது. ஓசையொப்புமையை உறவென்று கொள்வதும் பிழையாகிவிடும். செங்கடலைக் கடந்தபின் மிரியாம் கையிலெடுத்த சிறுமுழவுக்கு எபிரேயத்தில் ‘தோஃப்’ என்று பெயர். அரபியில் ‘தஃப்’, தெலுங்கில் ‘டப்பு’, நம்மிடம் ‘தப்பு’. எபிரேயமும் அரபியும் ஒரு குடும்பம். அதனால் தப்பும் தோஃபும் உடன்பிறப்புகள் என்று யாரேனும் மேடையில் முழங்கினால் கைதட்ட நாம் அவசரப்பட வேண்டாம். தோலில் கை விழும்போது எழும் ஓசையே எல்லோருக்கும் ஆசிரியராக இருந்திருக்கலாம்.

ஐரோப்பாவுக்குப் போன பிறகு இச்சொல் பட்ட பாடு பெரிது. பிரெஞ்சுக்காரர் ‘தம்தம்’ என்பதை முழவிலிருந்து பிரித்துச் சீனத்து வெண்கலச் சேகண்டிக்கு வைத்துவிட்டனர். 1791இல் பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் மிராபோவின் இறுதி ஊர்வலத்திற்கு இசையமைத்த கொசெக் அந்தச் சேகண்டியை முழங்கச் செய்தார்; அது மேலை இசைக்குழுவில் நிலைத்துவிட்டது. பின்னர் ஆப்பிரிக்க முழவுகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நம் ஆலயப் பாடகர் குழு இளைஞர் வைத்திருக்கும் டிரம்ஸ் செட்டில் ‘டாம்’ என்று அவர்கள் சொல்லும் உருளையும் இப்பெயரின் வழித்தோன்றலே. இந்திய ஆங்கிலத்தில் ஒருவன் தன் பெருமையைத் தானே பேசித் திரிவதை ‘டாம் டாம்’ செய்வது என்பர். தம்பட்டம் அடித்தல் என்று நாம் சொல்வதன் நேர் நிழல் அது.

வேடிக்கை இத்துடன் நிற்கட்டும். இலங்கையில் ஆங்கில ஆட்சியாளர் தம் பதிவுகளில் ‘டாம் டாம் அடிப்போர்’ என்பதை ஒரு சாதியின் பெயராகவே எழுதினர். சிங்களரிடையே ‘பெர’ என்னும் முழவை இசைக்கும் பெரவா மக்களே அவர்கள். அவர்களுடைய முழவுக்கும் ஆட்டத்திற்கும் நோய் நீக்கும் சடங்குகளுக்கும் நீண்ட பயிற்சியும் மரபும் உண்டு. அவையனைத்தும் ஆட்சியாளரின் ஏட்டில் இரண்டு அசைகளாகச் சுருங்கின.

நம் நாட்டில் நடந்ததும் இதுவே. அதனினும் கொடிதென்றும் சொல்லலாம். ஆங்கிலேயர் தண்டோராவில் கேட்ட கருவிகளுள் முதன்மையானது பறை. ‘டாம் டாம்’ என்பது வெளியிலிருந்து கேட்டவன் வைத்த பெயர். ‘பறை’ என்பது உள்ளிருந்து வந்த பெயர். அதன் பொருளோ பேசு என்பது. பறைதல் என்றால் சொல்லுதல். குமரி மாவட்டத்து முதியோர் பேச்சிலும் மலையாளத்திலும் அவ்வினை இன்றளவும் உயிரோடு இருக்கிறது. செய்தி சொல்லும் கருவி என்பதால் பறை எனப்பட்டது என்பர். பழந்தமிழர் ஐந்திணைக்குரிய கருப்பொருள்களை எண்ணியபோது, தெய்வத்தையும் உணவையும் மரத்தையும் போலப் பறையையும் ஒன்றாக வைத்தனர். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என ஒவ்வொரு நிலத்திற்கும் ஒரு குரல் இருந்தது. புறநானூற்றில் மாங்குடி கிழார் தம் சீறூரின் சிறந்த குடிகளை எண்ணும்போது பறையனையும் பெருமையோடு எண்ணுகிறார். ஆண்டாள் தன் திருப்பாவையில் இறைவனிடம் கேட்கும் பேற்றுக்கே பறை என்று பெயரிட்டாள்.

கருவியைப் பாருங்கள். மரக்கட்டைகளை வளைவாக இணைத்த வட்டச் சட்டம். அதன்மேல் இழுத்து ஒட்டிய மாட்டுத்தோல். வைக்கோல் தீயில் காட்டிக் காய்ச்சினால்தான் குரல் எழும். ஒரு கையில் நீண்டு மெலிந்த மூங்கிற்குச்சி. மறு கையில் குட்டையான தடித்த குச்சி. சப்பரத்தடி, மருளடி, வாழ்த்தடி என்று அடிகளுக்குத் தனித்தனிப் பெயர். சாவுக்கு அடிப்பது வேறு, சாமிக்கு அடிப்பது வேறு. ஊர்க்காரன் தன் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே எந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்று அடியைக் கேட்டே அறிந்துகொள்வான். இத்தனையும் அறியாத காதுக்குத்தான் அது டாம் டாம்.

இங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மிருதங்க வித்துவானும் தம் முழவின் ஒலியை வாயால் சொல்கிறார். ‘தா தி தொம் நம்’ என்று தொடங்கும் அச்சொற்கட்டுகளும் ஒலியைப் போலச் செய்தவையே. ஓர் எழுத்தும் வேறல்ல. ஆனால் அவற்றைச் சபையில் தனியே சொல்லிக் காட்டுவது கொன்னக்கோல் என்னும் கலையாயிற்று. அதற்குக் குருகுலம் உண்டு, மேடை உண்டு, பட்டமும் உண்டு. அதே மாட்டுத்தோல் மிருதங்கத்திலும் இருக்கிறது. பறையின் ஒலியைச் சொல்லாக்கியபோது கிடைத்ததோ கோப்பில் ஒரு ‘டாம் டாம்’. ஒலிக்குறிப்பு என்பது மொழியியலுக்கு ஒன்றுதான். யார் அடித்தார் என்பதைப் பார்த்துத்தான் சமூகம் அதற்கு விலை வைத்தது.

அடித்தவரின் பெயரும் ஆங்கிலம் சென்றது. ‘பரையா’ என்று ஆங்கிலத்திலும் ‘பாரியா’ என்று பிரெஞ்சிலும் வழங்கும் சொல் நம் தமிழ்ச்சொல்லே. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது ஆங்கிலத்தில் காணப்படுகிறது. தொடக்கத்தில் தென்னாட்டு மக்கள் பிரிவொன்றைக் குறித்தது. போகப்போக ஊரால் ஒதுக்கப்பட்ட எவரையும், தெருநாயையும், பருந்து வகையொன்றையும் குறிக்கலாயிற்று. 1791இல் பெர்னார்டின் தெ சான் பியேர் எழுதிய ‘இந்தியக் குடிசை’ என்னும் கதையில், உண்மையைத் தேடி வரும் ஐரோப்பிய அறிஞனுக்கு அதைச் சொல்பவன் ஒரு ‘பாரியா’. 1821இல் தெலவீஞ் அதே பெயரில் நாடகம் எழுதினார். செருமானியக் கவிஞர் கொய்தேயும் அப்பெயரில் கவிதைகள் இயற்றினார். சமூகவியலறிஞர் மாக்ஸ் வெபர் யூத மக்களையே இச்சொல்லால் குறித்தார். இன்று உலகச் செய்திகளில் தனிமைப்படுத்தப்பட்ட அரசுகளுக்கும் இதே பெயர். தமிழ்நாட்டில் இச்சாதிப் பெயரைச் சொல்லி ஒருவரைப் பொதுவிடத்தில் இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். அதே சொல்லை நம் நாட்டு ஆங்கில நாளேடுகள் வெட்கமின்றித் தலைப்பில் அச்சிடுகின்றன. எழுதுபவர் படித்தவர்தாம், சொல்லின் பிறப்பைத்தான் படிக்கவில்லை.

பறை என்னும் கருவியிலிருந்தே அம்மக்களின் பெயர் வந்தது என்பதை 1856இல் ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ எழுதிய கால்டுவெல் ஆயர் பரப்பினார். அதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அம்மக்களில் மிகப் பெரும்பாலோர் உழவுத்தொழிலாளர். முழவடித்தவர் சிலரே என்று மறுப்பெழுந்தது. பண்டிதர் அயோத்திதாசர், தம் முன்னோர் பௌத்தர் என்றும், பொய்வேடதாரிகளின் உண்மையை ஊரறியப் பறைந்ததால் அப்பெயர் வந்தது என்றும் விளக்கினார். மொழிநூலார் அவ்விளக்கத்தை ஏற்காமல் போகலாம். ஆயினும் முழவின் ஓசையை விட்டு, பேசுதல் என்னும் வினையைப் பற்றிக்கொண்ட அவரது உள்ளுணர்வு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. இரட்டைமலை சீனிவாசனோ 1893இல் தாம் தொடங்கிய இதழுக்கே ‘பறையன்’ என்று பெயரிட்டார். வெட்கப்பட வேண்டியவன் நான் அல்லன் என்று அறைந்து சொன்ன பெயர் அது. 1922இல் எம். சி. ராஜாவின் முயற்சியால் சென்னை சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி, அரசு ஏடுகளில் பழைய பெயர்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்ற பெயர் வந்தது. பெயரை ஏந்தி நிற்பதா, இறக்கி வைப்பதா என்ற இருவழியும் அன்றே திறந்திருந்தன.

கருவிக்கும் அதே இருவழி. தண்டோரா என்பது கூலிக்குச் செய்த தொழிலன்று. பிறப்பால் சுமத்தப்பட்ட கடமை. ஊரில் மணியக்காரர் ஆணையிடுவார், வெட்டியான் அடிப்பார். செத்த மாட்டை இழுப்பதும் சாவுச்செய்தி கொண்டு போவதும் அதனுடன் ஒட்டிய வேலைகள். 1980இல் தமிழக அரசு பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தண்டோராவோ போகவில்லை. ஒலிபெருக்கியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் வந்தபின்னும் பல ஊர்களில் அது தொடர்ந்தது. 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா மாவட்ட ஆட்சியர்க்கும் கடிதம் எழுதினார். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம்; இனித் தண்டோரா வேண்டாம்; மீறி எவரையும் அதில் ஈடுபடுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். கடிதத்தைக் கேட்டு வருந்தியவர்களும் உண்டு. பழைய மரபு போகிறதே என்றனர். அவர்களில் எவரும் தம் மகனை அதற்கு அனுப்பியவர் அல்லர்.

நெடுஞ்சாலையில் இன்னும் சிறிது தூரம் வடக்கே போனால் ஆந்திரம். அங்கே டப்பு அடித்து அதே பணியைச் செய்தவர் மாதிகா மக்கள். இட ஒதுக்கீட்டில் தம் பங்கைக் கேட்டு 1994இல் அவர்கள் தொடங்கிய இயக்கத்திற்குத் ‘தண்டோரா’ என்றே பெயர் வழங்கிற்று. பிறர் செய்தியை அறிவிக்கவே அடித்தவர்கள் தம் செய்தியை அறிவிக்க அடித்தார்கள்.

தமிழகத்திலும் இப்படி ஒரு திருப்பம் உண்டு. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று கருவியை உடைத்துப் போட்ட ஊர்கள் ஒருபுறம். அது எங்கள் கலை, எங்கள் கையில் இருக்கும் என்று மீட்டெடுத்தவர்கள் மறுபுறம். திண்டுக்கல்லில் அருள்சகோதரி சந்திரா நடத்திவரும் சக்தி கலைக்குழு தலித் இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. பெண் தொடக்கூடாது என்றிருந்த கருவி அது. மதுரையில் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த இறையியலாசிரியர் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டு வந்தார். சத்தியநாதன் கிளார்க் 1998இல் வெளியிட்ட நூலில், செங்கற்பட்டுப் பகுதி மக்களோடு பழகியறிந்ததைக் கொண்டு, எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களுக்குப் பறையே மறைநூல் போல் நின்று இறைவனோடு பேச உதவியது என்று வாதிட்டார். 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நம் ஆலயங்களின் நிலையையும் சொல்லாமல் விடலாகாது. திருப்பாடல் 150இல் இறைவனைப் புகழ அழைக்கப்படும் கருவிகளில் மிரியாமின் தோஃபும் உண்டு. ‘செல்செலிம்’ என்னும் கைத்தாளமும் உண்டு. பின்னது எபிரேயத்தில் அசல் ஒலிக்குறிப்புச் சொல். உச்சரித்துப் பார்த்தால் தாளத்தின் கிணுகிணுப்பே கேட்கும். அப்பாடலை ஞாயிறுதோறும் பாடிய நம் முன்னோர், தேர்ப்பவனிக்கு பேண்டு வாத்தியம் வைத்தார்களேயன்றிப் பறையை அருகில் விடவில்லை. தீட்டு என்றது ஊர். திருச்சபையும் ஊர் சொன்னதைக் கேட்டுக்கொண்டது. இதற்கு மேலை நாட்டார் மீது பழி போட்டுத் தப்ப முடியாது.

இப்பகுதியில் அண்மை ஆண்டுகளில் ஆலைகளுக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர் சிலர் மாலையில் கூடிப் பறை பழகுகின்றனர். பங்குத் திருவிழாவில் தேருக்கு முன் அடிக்க அனுமதி கேட்டனர். திருவிழாக் குழுவில் எதிர்ப்பு வந்தது. அது நாம் எதிர்பார்த்த பக்கத்திலிருந்து வரவில்லை. இளைஞர்களின் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவரே எழுந்தார். “சாமி, எங்கப்பா இத அடிச்சுத்தான் ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் கையேந்தி நின்னாரு. நான் ஆலைக்குப் போனதே இத தொடக்கூடாதுன்னுதான். இவனுங்க ஆசைப்பட்டு அடிக்கிறானுங்க, அது வேற. என்னயக் கேக்காதீங்க” என்றார். இளைஞர்கள் அவருக்குப் பதில் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை.

திருவிழாவன்று பறை ஒலித்தது. பெரியவர் பவனியில் வரவில்லை. ஆனால் அன்று பிற்பகல், இளைஞர்கள் ஆலய வளாகத்தின் பின்புறம் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது அவ்வழியே வந்தவர் சற்று நின்றார். ஒருவன் கையிலிருந்த பறையைப் பார்த்து, “இன்னும் தள்ளிப் புடி, தோல் கருகிடும்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.